உட்கார்ந்தால்தான் வலிக்கிறது, டாக்டர்!

வாசகர் கேள்வி - டாக்டர் பதில்

இடுப்பு வலி பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்னால் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால், நிறைய பேருக்கு வலிப்பது இடுப்பே இல்லை, பிட்டம். அந்த வார்த்தையை எழுதக் கூச்சப்பட்டு 'பின்பக்கம்', 'உட்காரும் இடம்', 'இடுப்புக்குக் கொஞ்சம் கீழே' என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள். டாக்டரிடமும் இப்படித்தான் சொல்கிறார்கள், அவரும் 'இடுப்பு வலி' என்று சீட்டில் எழுதிவிடுகிறார். பாதிக் குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. அதனால் இந்த முறை எல்லாக் கேள்விகளும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வயது 41. எட்டு மாதமாக வலது பிட்டத்தின் நடுவில் குடைச்சல். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனால் தொடைக்குப் பின்னால் முழங்கால் வரை சுண்டி இழுக்கிறது. எழுந்து நடந்தால் விட்டுவிடும். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் தேவைப்பட்டால் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் இது டிஸ்கே இல்லை, பைரிஃபார்மிஸ் என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரில் யார் உங்களைக் கட்டிலில் படுக்க வைத்து, காலை மடக்கிப் பார்த்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்? அவரை நம்புங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு கேள்விக்கும் கைக்கும்தான், படத்துக்குக் குறைவு.

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் இறங்கி ஒன்றாகச் சேர்ந்து சியாட்டிக் நரம்பு ஆகிறது. உடம்பிலேயே பருமனான நரம்பு இதுதான், பிட்டத்தில் அது ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் இருக்கும். இடுப்புக்கூட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் இந்த நரம்புக்கு மேல் ஒரு சின்னத் தசை குறுக்கே படுத்திருக்கிறது. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திருவெலும்பின் முன்பக்கத்தில் தொடங்கி, தொடை எலும்பின் மேல் முனையில் போய் ஒட்டும் அதன் பெயர்தான் பைரிஃபார்மிஸ். பேரிக்காய் வடிவம் என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு நரம்பு இந்தத் தசைக்குக் கீழே போகும், நூற்றில் பதினாறு, பதினேழு பேருக்கு நரம்பு பிரிந்து தசைக்குள்ளேயோ மேலேயோ போகும். "அப்படியென்றால் அவர்களுக்குத்தான் இந்த வலி வருமா" என்று கேட்பீர்கள். அப்படித்தான் எல்லோரும் ரொம்ப காலம் நினைத்தார்கள். ஆனால் இந்த வலிக்காக ஆபரேஷன் செய்யப்பட்டவர்களிடமும் அதே விகிதம்தான் இருந்தது. ஆகவே பிறவி அமைப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தசை இறுகுவது, வீங்குவது, கீழே விழுந்து அடிபட்ட இடத்தில் நார்போல் தழும்பு கட்டி நரம்பைப் பிடித்துக்கொள்வது, மணிக்கணக்கில் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். நரம்பைப் பிடிப்பது எப்போதும் பைரிஃபார்மிஸ்தான் என்றும் இல்லை. பக்கத்தில் இன்னும் சில சின்னத் தசைகள் இருக்கின்றன, தொடைத் தசை எலும்பில் ஒட்டும் இடம் இருக்கிறது. அதனால் இப்போது மொத்தமாக டீப் குளூட்டியல் சிண்ட்ரோம் என்று சொல்கிறார்கள், அதாவது பிட்டத்தின் ஆழத்தில் நரம்பு நெருக்கப்படுவது.

சரி, உங்கள் டிஸ்குக்கு வருவோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க், அது கொஞ்சம் பிதுங்கியிருந்தால் பல்ஜ். எல்4-எல்5 என்றால் கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே. 2015-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் சேர்த்துப் பார்த்தது. 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 80 வயதில் நூற்றுக்கு 84 பேருக்கு. நரைமுடி மாதிரிதான். ஆகவே 41 வயதில் உங்கள் ரிப்போர்ட்டில் பல்ஜ் என்று வந்திருப்பதை வைத்துக்கொண்டு வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வலியின் கதையும் படமும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் கதை எப்படி இருக்கிறது? டிஸ்க் வலியும் உட்கார்ந்தால் கூடத்தான் செய்யும், குழப்பமே அதனால்தான். ஆனால் டிஸ்க் நரம்பு வேரை அழுத்தினால் பெரும்பாலும் இருமும்போதும் தும்மும்போதும் சுரீர் என்று காலில் இறங்கும், முன்னால் குனிந்தால் கூடும், வலி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போகும், பெருவிரல் பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ ஒரு பட்டையாக மரத்துப்போகும். பிட்டத்தில் நெருக்கப்பட்டால் நடு முதுகுத்தண்டில் வலி இருக்காது அல்லது பேருக்கு இருக்கும். வலி எங்கே என்று கேட்டால் ஆள் முதுகைத் தொடமாட்டார், பிட்டத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டுவார். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைப் பிட்டத்தில் உட்கார்ந்து வருபவரைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்! காரிலிருந்து இறங்கும்போதும், கால் மேல் கால் போடும்போதும் பிடிக்கும். நடந்தால் தளரும்.

டாக்டர் என்ன செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்குவது ஒன்று. அது டிஸ்குக்கான சோதனை, இதிலும் சில சமயம் வலிக்கும். அடுத்து, வலியில்லாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருக்கும் வலிக்கிற காலை இடுப்பில் 60 டிகிரி அளவுக்கு மடக்கி, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்துவார்கள். இதற்கு ஃபேர் டெஸ்ட் என்று பெயர், உங்கள் வழக்கமான வலி அச்சு அசலாக அப்படியே வந்தால் அது முக்கியமான தடயம். அப்புறம் உட்கார வைத்து, முழங்கால்களை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி அவர் கையால் தடுப்பார். கடைசியாக, குதிகாலில் நடக்கச் சொல்வார், நுனிக்காலில் நடக்கச் சொல்வார், கணுக்காலில் சுத்தியால் தட்டிப் பார்ப்பார். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. மூன்று நான்கு சோதனைகள் ஒரே பக்கம் கை காட்டினால், அப்புறம் முதுகில் வேறு காரணம் இல்லை என்று உறுதியானால், அதுதான் நோயறிதல்.

அப்படியென்றால் எம்.ஆர்.ஐ. வீணா? இல்லை. பிட்டத்தில் கட்டியோ சீழோ இருக்கிறதா, முதுகில் உண்மையிலேயே நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று தெரிய அது வேண்டும். 'பைரிஃபார்மிஸ் ஒரு பக்கம் தடித்திருக்கிறது' என்று ரிப்போர்ட்டில் வந்தாலும் உடனே துள்ளாதீர்கள். வலியே இல்லாதவர்களுக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. சந்தேகம் தீராதபோது, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே அந்தத் தசைக்குள் மரத்துப்போகும் மருந்தைக் கொஞ்சம் செலுத்துவார்கள். வலி சில மணி நேரத்துக்குக் காணாமல் போனால் இடம் அதுதான்.

இவ்வளவு எளிதான விஷயம் ஏன் தப்பிப்போகிறது? 1934-இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் டிஸ்க் பிதுங்கிச் சியாட்டிகா, அதாவது சியாட்டிக் நரம்பு வழியாகக் காலில் இறங்கும் வலி, வருவதை எழுதினார்கள். மருத்துவ உலகமே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்கு முன்னால், 1928-லேயே, பைரிஃபார்மிஸ் தசைக்கும் சியாட்டிகாவுக்கும் உறவு உண்டு என்று யோமன் என்பவர் எழுதியிருந்தார், அது பின்னால் தள்ளப்பட்டது. 'பைரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்' என்ற பெயரே 1947-இல் ராபின்சன் எழுதிய பிறகுதான் நிலைத்தது. இன்றைக்கும் சில டாக்டர்கள் இப்படி ஒரு நோயே இல்லை என்பார்கள், சிலர் எல்லாக் கால்வலிக்கும் இதையே சொல்வார்கள். இரண்டு கட்சியிலும் சேராதவர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள்.

உங்களுக்கு என் கணிப்பு: டிஸ்க் ஆபரேஷனுக்கு அவசரமே இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பிசியோதெரபியும் உட்காரும் முறையில் மாற்றமும் செய்து பாருங்கள். ஒரே நிபந்தனை. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் பலம் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த நாள் காலை என்று தள்ளாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று விழுந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

நாமக்கல். லாரி டிரைவர். இடது பிட்டத்தில் வலி, காலுக்குக் கீழே மதமதப்பு. பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைப்பதால்தான் என்று கிளீனர் பையன் சொல்கிறான். உண்மையா அண்ணே?

கிளீனர் தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1978-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், கிரெடிட் கார்டு அடைத்த தடித்த பர்ஸால் வரும் சியாட்டிகா பற்றி எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் பர்ஸில் கிரெடிட் கார்டு இல்லாவிட்டாலும், லைசென்ஸ், ஆர்.சி. நகல், டீசல் பில், டோல் ரசீது, சாமி படம், போன வருடக் காலண்டர் எல்லாம் இருக்கும்! அதன் மேல் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பிட்டம் மேலே, ஒரு பிட்டம் கீழே. இடுப்பு சாய்கிறது, நரம்பு இருக்கும் இடத்தில் ஒரு கட்டை அழுத்துகிறது. எந்தப் பாக்கெட்டில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இடது பாக்கெட் என்றால் இன்றைக்கே சட்டைப் பைக்கோ டேஷ்போர்டுக்கோ மாற்றிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம், இரண்டு மூன்று வாரத்தில் பலன் தெரிய வாய்ப்பு உண்டு.

வலது பாக்கெட்டில் பர்ஸ், வலி இடதில் என்றால் கிளட்சைப் பாருங்கள். சீட் பின்னால் தள்ளியிருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடது பிட்டத்தை அழுத்திக் காலை நீட்ட வேண்டியிருக்கும். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டை முன்னால் தள்ளுங்கள். சீட்டின் பஞ்சு ஒரு பக்கம் அமுங்கிக் குழியாகியிருந்தால் அதைச் சரி செய்யுங்கள். மேலே துண்டு மடித்துப் போடுவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும், மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே இன்னொரு பர்ஸ் வைத்த மாதிரி. டீக்கு நிறுத்தும்போது டீயை உட்கார்ந்து குடிக்காமல் வண்டியை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டே குடியுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கீழ்க்கால் மதமதப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மதுரையில் தையல் வேலை செய்கிறேன், வயது 35. பைரிஃபார்மிஸ் என்று சொன்னார்கள். வீடியோ பார்த்து ஸ்ட்ரெச் செய்தேன், வலி கூடிவிட்டது. செய்யலாமா கூடாதா?

செய்யலாம், ஆனால் எவ்வளவு என்பதில்தான் தவறு நடந்திருக்கும். வீடியோவில் வருபவர் வலியில்லாதவர், உடம்பு வில்லாக வளையும். அவர் அளவுக்கு இழுக்க வேண்டும் என்று நாம் போட்டி போட்டால், ஏற்கெனவே புண்பட்டிருக்கும் நரம்பையும் சேர்த்து இழுக்கிறோம். பிட்டத்தில் மிதமாக இழுப்பது தெரிந்தால் போதும், மின்சாரம் மாதிரி பாதத்துக்கு இறங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், உடனே விட்டுவிட வேண்டும்.

மல்லாந்து படுத்து, வலிக்கும் கால் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து எதிர்த் தோள்பட்டையை நோக்கி மெல்ல இழுங்கள். 20-லிருந்து 30 நொடி. மூன்று தடவை, காலையும் மாலையும். இது பழகிய பிறகு, அதே படுக்கையில் வலிக்கும் காலின் கணுக்காலை மறு கால் முழங்காலின் மேல் வைத்து, மறு தொடையை நெஞ்சை நோக்கிக் கொண்டுவருவது. முதல் வாரம் இவை இரண்டும் போதும், வீடியோவில் சொல்லும் மற்ற பதினெட்டையும் விட்டுவிடுங்கள்.

வீடியோக்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது பலப்படுத்தும் பயிற்சியை. பிட்டத்தின் பெரிய தசைகள் சோம்பியிருந்தால் அவற்றின் வேலையையும் இந்தச் சின்னத் தசை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது, அதனால்தான் இறுகுகிறது. வீட்டில் ஒருவரே எல்லா வேலையும் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா! ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியபடியே மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பது மாதிரித் திறந்து மூடுவது, மல்லாந்து படுத்துப் பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கி ஐந்து நொடி நிறுத்துவது, இரண்டையும் பத்துப் பத்தாகத் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் பலன் இல்லையே என்று அலுத்துக்கொள்ளக் கூடாது, தசை பலப்பட அவ்வளவு நாள் ஆகும்.

உங்கள் மிஷினையும் பாருங்கள். பெடலை ஒரே காலால் மிதிக்கிறீர்கள் என்றால் ஸ்டூலின் விளிம்பு அந்தத் தொடைக்கடியில் வெட்டிக்கொண்டிருக்கும். முழுப் பிட்டமும் தாங்கும் அகலமான, கொஞ்சம் உயரமான இருக்கை வேண்டும். ஒரு ரவிக்கை முடிந்தால் எழுந்து நில்லுங்கள், அடுத்த துணியை நின்றுகொண்டே வெட்டுங்கள். தையல்காரர்களுக்கு இயற்கையாக அமைந்த இடைவேளை அது, வெட்டுகிற வேலையை எல்லாம் காலையிலேயே சேர்த்து முடித்துவிட்டு மிச்ச நாள் முழுக்க மிஷினில் உட்காராதீர்கள்.

என் ஐந்து வயது மகனுக்குக் காய்ச்சலுக்காகப் பிட்டத்தில் ஊசி போட்டார்கள். போட்ட உடனே அலறினான், அன்று மாலையிலிருந்து இடது பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்கிறான். பத்து நாள் ஆகிறது. சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள், தாயே. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் முன்னால் தபாலில் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பிட்டத்தில் ஊசி போடுவதென்றால் மேல்-வெளிப்பக்கக் கால்பாகத்தில்தான் போட வேண்டும். அதற்குக் கீழேயோ உள்ளேயோ போனால் சியாட்டிக் நரம்பு இருக்கிறது. குழந்தைகளுக்கு, அதுவும் ஒல்லியான குழந்தைகளுக்கு, பிட்டத்தில் சதை குறைவு, நரம்பு கிட்டத்திலேயே இருக்கும். கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசியைப் பிட்டத்தில் போடாமல் தொடையில் போடுவது இதனால்தான். ஊசி நரம்பிலோ அதை ஒட்டியோ போனால், ஊசி குத்துவதைவிட மருந்தே நரம்பை அதிகம் கெடுக்கும். பாதத்தைத் தூக்கும் நரம்பிழைகள் எளிதில் அடிபடும், அதனால் பாதம் தொங்கிப்போகும்.

குழந்தை நரம்பியல் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மலம் பரிசோதனைக்கு வேண்டும் என்று கேட்டால் பயப்படாதீர்கள், குழம்பவும் வேண்டாம். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கால் துவண்டுபோனால் போலியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளத் தகவல் கொடுப்பது இந்தியாவில் நடைமுறை, 14 நாளுக்குள் இரண்டு மாதிரி எடுப்பார்கள். உங்களுக்குப் பத்து நாள் ஆகிவிட்டதால் அதற்காகவும் அவசரம். பாதம் தொங்காமல் நிற்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்கள், அதைப் போடாமல் விட்டால் குதிகால் தசைநார் சுருங்கிவிடும், பின்னால் நரம்பு பிழைத்தாலும் பாதம் நேராகாது. நரம்புக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனையை மூன்று, நான்கு வாரம் கழித்துச் செய்வார்கள், அதற்கு முன்னால் செய்தால் சேதத்தின் முழு அளவு தெரியாது. நரம்பு திரும்ப வளர்வது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான், பிட்டத்திலிருந்து பாதத்துக்கு உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள், மாதக்கணக்கில் ஆகும். நிறைய குழந்தைகள் தேறுகிறார்கள். சில மாதம் பார்த்தும் அசைவே வராவிட்டால் நரம்பைத் திறந்து பார்க்கும் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

எல்லோருக்கும் ஒன்று. சாதாரணக் காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போட்டுவிடுங்கள், சீக்கிரம் சரியாகும்" என்று கேட்பது நாம்தான். வாயால் மருந்து குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி எதற்கு?

எண்ணெய் போட்டு முழங்கையால் அழுத்தி நீவி விடுகிறவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். போகலாமா? - வாசகி, தஞ்சாவூர்

மேலாக, மெதுவாக நீவினால் தசை இளகும், சுகமாகவும் இருக்கும். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். முழங்கையை ஊன்றி முழு எடையையும் போடுவது மட்டும் வேண்டாம், அடியில் இருப்பது நெருக்கப்பட்ட நரம்பு. அழுத்தியபோது கால் மரத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 'நரம்பு சுளுக்கை எடுத்துவிட்டேன்' என்று சொல்லிக் காலை வெடுக்கென்று இழுக்கும் ஆசாமிகளிடம் போகவே வேண்டாம். பாதம் மரத்திருப்பவர்கள் ஒத்தடத்தின் சூட்டைக் கையால் பார்த்த பிறகு வையுங்கள், கொப்புளம் வந்ததே தெரியாமல் வருபவர்கள் உண்டு.

வயது 24, கோவையில் படிக்கிறேன். ஒரு மாதம் வலது பிட்டம் வலிக்கிறது, அடுத்த மாதம் இடது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் நிமிரவே முடியவில்லை, அப்புறம் நடமாடினால் சரியாகிறது. நெட்டில் பார்த்தால் பைரிஃபார்மிஸ் என்று வருகிறது.

தம்பி, இதற்குப் பைரிஃபார்மிஸ் பெயரை ஒட்டாதீர்கள். 45 வயதுக்கு முன்னால் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறையும், பின்னிரவில் எழுப்பும், பிட்டம் மாறி மாறி வலிக்கும் என்றால் அது முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் வரும் அழற்சி நோயாக இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது அதில் முக்கியமானது. கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாமல் எப்போதாவது இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளையாமல் கட்டை மாதிரி ஆனதா? ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டு-வாத நோய் நிபுணரைப் பாருங்கள். இரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்த நோயை வருடக்கணக்கில் 'சூட்டு வலி', 'வாயு' என்று தள்ளிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அந்த வரிசையில் நீங்கள் சேர வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், 62, சர்க்கரை உண்டு. பிட்டத்து நரம்பு வலிக்கு ஆறு மாதமாக ப்ரீகாபலின், மெத்தில்கோபாலமின் கலந்த மாத்திரை. தூக்கம்தான் வருகிறது. இப்போது ஸ்டீராய்டு ஊசி அல்லது போடாக்ஸ் என்கிறார்கள். போடாக்ஸ் முகச் சுருக்கத்துக்கு அல்லவா போடுவார்கள்?

முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான் சார். தசையை இறுக்கச் சொல்லும் நரம்புச் செய்தியை அது தடுக்கிறது, நெற்றியில் போட்டால் சுருக்கம் விழாது, பைரிஃபார்மிஸில் போட்டால் அந்தத் தசை தளரும். பலன் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும், மூன்று மாதம் போல நிற்கும். விலை அதிகம். அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்து தசையைத் திருத்திக்கொண்டால் லாபம். பயிற்சி செய்யாமல் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டால் வாடகை வீடு மாதிரி, தவணை முடிந்ததும் மறுபடியும் பணம்.

ஸ்டீராய்டு கலந்து போட்டால் சில நாளைக்கு உங்கள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அளந்துகொண்டே இருக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டாலும் ஸ்டீராய்டு கலந்து போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு, சர்க்கரைக்காரர் என்பதால் அதைக் கேட்டுப் பாருங்கள். எதைப் போட்டாலும் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலில் போடச் சொல்லுங்கள், தசை பிட்டத்தின் ஆழத்தில் இருக்கிறது, குத்துமதிப்பாகப் போடும் இடம் இல்லை. ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் கால் மரத்து, பலமில்லாமல் இருக்கலாம். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாமல் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

அந்த மாத்திரை பற்றி. 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சியாட்டிகா நோயாளிகளிடம் ப்ரீகாபலினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கால்வலி இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது, தலைசுற்றல் ப்ரீகாபலினில் அதிகம். சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு அது வேலை செய்யும், அது வேறு கதை. ஆறு மாதமாக உங்களுக்குத் தூக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் தரவில்லை என்றால் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. மெத்தில்கோபாலமின் பி12 வைட்டமின்தான், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவைப் பார்ப்பது நல்லது, அந்த மருந்து பி12-ஐக் குறைக்கும். வலி மாத்திரைகளைச் சிறுநீரகப் பரிசோதனை பார்க்காமல் கடையில் நேரடியாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஆபரேஷன் பற்றிக் கேட்கவில்லை, அதுவே நல்லது. எல்லாம் செய்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் தீராத, நோயறிதல் உறுதியான ஒரு சிலருக்கு மட்டும் அந்தத் தசையின் நாரை வெட்டி நரம்பை விடுவிப்பார்கள், சில இடங்களில் சின்னத் துளை வழியாகவே.

எனக்கு 71 வயது. நடந்தால் இரண்டு பிட்டமும் தொடையும் கனத்து வலிக்கிறது, கடைத்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் எங்காவது திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் உடனே நிம்மதி. மருமகள் உங்கள் பத்தியைப் படித்துவிட்டு பைரிஃபார்மிஸ் என்கிறாள்.

மருமகளிடம் சொல்லுங்கள் அம்மா, திருப்பூர்க்காரர் கடிதத்தை மறுபடியும் படிக்கச் சொல்லி. அவருக்கு உட்கார்ந்தால் வலி, உங்களுக்கு உட்கார்ந்தால் நிம்மதி, நேர் எதிர்! வயதாகும்போது முதுகுத்தண்டின் உள்வழி குறுகி நரம்புகளை நெருக்கினால் இப்படி இருக்கும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் அதிக தூரம் போக முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். சும்மா நின்றாலே வலி தீர்ந்துவிடுகிறது, உட்காரத் தேவையில்லை என்றால் கால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், பாதத்தில் நாடி கிடைக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மருமகளையே கூட அழைத்துக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.